நெசவு காம்போசிட்டில் சேதத்தைக் கேட்டுப் பிடிப்பது எப்படி? அகூஸ்டிக் எமிஷன் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி ரெசினில் நனைத்து, பல அடுக்காகப் போட்டு, அழுத்தத்தில் இறுக வைத்து எடுத்த தகடு ஒன்றை, அதாவது நெசவு காம்போசிட்டை, இழுத்துப் பார்த்தால், அது அறுவதற்கு வெகு முன்பே உள்ளே உடைய ஆரம்பித்திருக்கும். சாதா நெசவுக் கண்ணாடி–எப்பாக்ஸி தகடு சுமார் 2 சதவீதத் திரிபில், அதாவது நீளத்தில் 2 சதவீதம் நீண்டதும், அறுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் விரிசல்கள் 0.3 முதல் 0.5 சதவீதத்திலேயே வந்துவிடும். அந்த இடத்தில் சுமை–நீட்சிக் கோடு லேசாக முட்டி மடக்கும், அவ்வளவுதான். சுமையை அளக்கும் லோடு செல்லுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஆனால் ஒவ்வொரு விரிசலும் திறக்கும் அந்தக் கணத்தில், பொருளில் தேங்கியிருந்த மீள் ஆற்றலில் ஒரு சிறு பங்கு அலையாகக் கிளம்பித் தகடு முழுக்க ஓடுகிறது. பரப்பில் ஒட்டி வைத்த பீசோ சென்சார் அந்த அலையை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. இதுதான் அகூஸ்டிக் எமிஷன். சோதனைக்கூடத்தில் எல்லோரும் ஏ.இ. என்பார்கள். அல்ட்ராசவுண்டில் நாம் அலையை அனுப்பி எதிரொலியைப் பார்க்கிறோம். இங்கே அனுப்புவது எதுவும் இல்லை. பொருள் தானாக எழுப்பும் அலையைக் கேட்கிறோம்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான். ஏ.இ. என்பது பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்பது மாதிரி. எப்போது, எவ்வளவு சத்தமாக, ஏறக்குறைய எந்த அறையில் என்று தெரியும். எதற்காக என்று தெரியாது. "இது ரெசின் விரிசல், இது இழை முறிவு" என்று கருவி தானாகச் சொல்லாது. கண்ணால் பார்த்த சான்றோடு சேர்த்து வைத்து நாம்தான் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாகச் சாதா நெசவுக் கண்ணாடி–எப்பாக்ஸி இழுவிசைத் துண்டையே வைத்துக்கொள்கிறேன். அது ஒளியை ஊடுருவ விடும், அதனால் உள்ளே நடப்பதைப் பின்னால் விளக்கு வைத்தே பார்த்துவிடலாம். முதல்முறை செய்பவர்கள் கார்பன் இழைத் தகட்டில் தொடங்காமல் இதில் தொடங்குவது நல்லது.

படி 1: கருவிக்கு முன் துணியைப் படியுங்கள்

துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு நூலும் நுண்ணிழைகளின் கற்றை. கார்பன் துணியில் "3கே" என்று போட்டிருந்தால் ஒரு நூலில் 3000 இழைகள். பாவுத் திசையில் இழுத்தால் சேதம் ஏறக்குறைய இந்த வரிசையில் வரும். முதலில், சுமைக்குக் குறுக்கே கிடக்கும் ஊடை நூல்களுக்குள்ளே, இழைக்கும் இழைக்கும் நடுவில் விரிசல் விழும். ரெசின் மட்டும் தேங்கி நிற்கும் சந்துகளிலும் விழும். அடுத்து, வளைந்து கிடக்கும் பாவு நூல் சுமை ஏற ஏற நேராகப் பார்க்கும். அப்போது நூலும் நூலும் தாண்டும் இடங்களில் ஒட்டு விட்டு, சின்னச் சின்ன அடுக்குப் பிரிவுகள் உண்டாகும். கடைசியில்தான் பாவு இழைகள் கொத்துக் கொத்தாக முறியும்.

ஒரே திசை இழை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் செய்த தகட்டில், ஒரு குறுக்கு விரிசல் பல சமயம் ஒரே பாய்ச்சலில் அகலம் முழுக்க ஓடிவிடும். நெசவில் அது நூல் தாண்டும் இடங்களில் தடுமாறி நிற்கும், அப்புறம் சுமை ஏறும்போது மறுபடி கிளம்பும். அதனால் நெசவுத் தகட்டில் சில பெரிய சிக்னல்களுக்குப் பதிலாக ஏராளமான சிறிய சிக்னல்கள் வரும் என்று எதிர்பார்த்தே கருவியை அமைக்க வேண்டும்.

நெசவின் வகையும் முக்கியம். சாதா நெசவில் ஒவ்வொரு நூலும் அடுத்த நூலிலேயே மடங்கி இறங்குகிறது. 5-ஹார்னஸ் சாட்டினில் நாலு நூலின் மேலாகப் போய் ஒன்றின் கீழ் இறங்குகிறது. மடிப்பு குறைவு, நூல் நேராக இருக்கிறது, அதனால் நூல் தாண்டும் இடத்துச் சேதமும் குறைவு. துணியைக் கோணலாக, அதாவது 45 பாகையில் வெட்டி இழுத்தால் கதையே வேறு: நூல்கள் கத்தரிக்கோல் போல மடங்கும், ரெசின் வெளுக்கும், உரசல் சத்தம் கொட்டும். ஒரு நெசவில் கிடைத்த எல்லை எண்களை இன்னொன்றுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

படி 2: துண்டு தயாரித்தல்

ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் டி3039 இழுவிசைச் சோதனை முறைப்படி 250 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. தடிமன் வசதியானது. வைர விளிம்புள்ள வட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். அதன் பிறகு வெட்டிய ஓரங்களை 400-இல் தொடங்கி 1200 வரை எமரித் தாளில் தேய்த்து மெருகேற்றுங்கள். இது அழகுக்காக இல்லை. கரடான ஓரத்தில் பிய்ந்து நிற்கும் இழைகளும் நுண்விரிசல்களும் மிகக் குறைந்த சுமையிலேயே சத்தம் போடும். அதைப் பொருளின் முதல் சேதம் என்று எழுதிவிட்டால் ஆய்வு முழுதும் சரிந்துவிடும். மெருகேறிய ஓரம் இன்னொரு வகையிலும் உதவும்: பிறகு நுண்நோக்கியில் விரிசலைத் தேடும்போது அதுதான் உங்கள் ஜன்னல்.

பிடியில் வைக்கும் முனைகளுக்குக் கண்ணாடி–எப்பாக்ஸிப் பட்டை ஒட்டலாம், அல்லது வெறும் எமரித் துணியை இடையில் கொடுக்கலாம். பட்டை ஒட்டினால் பசை விடும் சத்தமும் சேர்ந்து வரும். குறைந்த எண்ணிக்கை அடுக்குள்ள நெசவுத் துண்டுகளுக்கு எமரித் துணியே பல நேரம் போதும் என்பது என் கருத்து.

படி 3: சென்சார்

இரண்டு வகை உண்டு. ஒத்ததிர்வு சென்சார் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், பெரும்பாலும் 150 கிலோஹெர்ட்ஸ் பக்கம், மிகக் கூர்மையாகக் கேட்கும். அகலப்பட்டை சென்சார் 100 முதல் 900 கிலோஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாகக் கேட்கும், ஆனால் உணர்திறன் குறைவு. சேதம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதுமென்றால் முதல் வகை. அதிர்வெண்ணை வைத்துச் சேத வகையைப் பிரிக்க வேண்டுமென்றால் அகலப்பட்டையைத் தவிர வேறு வழியில்லை. 150 கிலோஹெர்ட்ஸ் சென்சாரை வைத்துக்கொண்டு "எங்கள் மாதிரியில் உச்ச அதிர்வெண் 150 பக்கம் குவிகிறது" என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. குவிவது சென்சார், மாதிரி இல்லை.

அளவையும் பாருங்கள். வழக்கமான சென்சார் சுமார் 19 மி.மீ. விட்டம், 25 மி.மீ. அகலத் துண்டில் அது கிட்டத்தட்ட முழு அகலத்தையும் மூடிவிடும். மெல்லிய தகட்டில் வளைவு அலை (தகட்டை மேலும் கீழும் வளைத்துப் போகும் மெதுவான அலை) 300 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 1400 மீட்டர் போல ஓடினால், அலைநீளம் 5 மி.மீ.க்கும் குறைவு. அகலமான சென்சாரின் முகத்தில் நாலு அலை ஒரே நேரத்தில் ஏறி நின்றால், மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே 5 முதல் 8 மி.மீ. விட்டமுள்ள சிறிய சென்சாரே துண்டுச் சோதனைக்குச் சரி.

ஒட்டுவதற்கு சிலிக்கான் கிரீஸ் மெல்லிய படலமாகப் போதும். மேலே கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் வரும்படி வையுங்கள். நெசவுத் தகட்டின் மேற்பரப்பில் துணியின் மேடுபள்ளம் தெரியும். அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் சிக்னல் பாதியாகிவிடும். வார்ப்பின்போது கண்ணாடித் தகட்டில் படிந்த வழுவழுப்பான பக்கத்தில் சென்சாரை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: ப்ரீஆம்ப், த்ரெஷோல்ட், நேர அமைப்புகள்

ஏ.இ. டெசிபெல் கணக்கில் அடிப்படை அளவு சென்சார் வெளியீட்டில் 1 மைக்ரோவோல்ட். ஆகவே 40 டெசிபெல் என்றால் 100 மைக்ரோவோல்ட், 100 டெசிபெல் என்றால் 100 மில்லிவோல்ட். பெரும்பாலான கருவிகளின் உள்ளீடு 10 வோல்ட்டில் முட்டி நிற்கும். சென்சார் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் 40 டெசிபெல் பெருக்கினால், நீங்கள் அளக்கக்கூடிய உச்சம் 100 டெசிபெல். அதையே 60-க்கு மாற்றினால் உச்சம் 80-க்கு இறங்கிவிடும்; இழை முறிவுகள் எல்லாம் தலை வெட்டப்பட்டு வரும், அவற்றின் அதிர்வெண் நிறமாலையும் கெடும். சின்னத் துண்டில் சென்சார் சேதத்துக்கு மிக அருகில் இருப்பதால், முதலில் 40-இல் வைத்து ஒரு துண்டை முறித்துப் பார்த்து, 99–100 டெசிபெல்லில் நிறைய ஹிட் (கருவி தனியாகப் பதியும் ஒவ்வொரு சிக்னலும் ஒரு ஹிட்) குவிந்தால் 20-க்கு இறக்குங்கள்.

த்ரெஷோல்ட், அதாவது பதிவாக ஒரு சிக்னல் தாண்ட வேண்டிய அளவு, 40 முதல் 45 டெசிபெல் வரை வழக்கம். உங்கள் கூடத்தில் சோதனை ஓடாதபோதுள்ள பின்னணி இரைச்சலை அளந்து, அதற்கு 5–6 டெசிபெல் மேலே வையுங்கள். ஒரு தொடர் முழுக்க ஒரே த்ரெஷோல்ட் இருக்கட்டும். நடுவில் மாற்றினால் ஹிட் எண்ணிக்கைகளை ஒப்பிடவே முடியாது.

அடுத்தவை மூன்று நேரங்கள். உச்சத்தைத் தேடும் நேரம், ஹிட் முடிந்ததா என்று தீர்மானிக்கும் நேரம், முடிந்த பிறகு காதை மூடிக்கொள்ளும் நேரம். கருவியின் திரையில் இவை பி.டி.டி., எச்.டி.டி., எச்.எல்.டி. என்று இருக்கும். காம்போசிட்டுக்கு 50, 200, 300 மைக்ரோநொடி நல்ல தொடக்கம். உலோகத்துக்கு வைக்கும் 300, 600, 1000 இங்கே ஆகாது: நெசவில் விரிசல்கள் மளமளவென்று வரும்போது மூன்று நிகழ்வுகள் சேர்ந்து ஒரே நீண்ட ஹிட்டாகப் பதிவாகிவிடும். மிகச் சிறியதாக வைத்தாலும் தப்பு. ஒரே அலையின் எதிரொலிகள் தனித்தனி ஹிட்டாக எண்ணப்படும்.

அலைவடிவத்தைக் கட்டாயம் சேமியுங்கள். நொடிக்கு 50 லட்சம் மாதிரிகள் என்ற வேகத்தில் 2048 புள்ளிகள் எடுத்தால் சுமார் 410 மைக்ரோநொடி கிடைக்கும். அதில் த்ரெஷோல்டைத் தாண்டுவதற்கு முந்தைய பகுதிக்கு 50 மைக்ரோநொடி ஒதுக்குங்கள். அலை வந்து சேர்ந்த கணத்தைப் பிறகு துல்லியமாகக் குறிக்க அது தேவை. வன்தட்டு இடத்தை மிச்சப்படுத்த நினைத்து வெறும் ஹிட் அளவுகளை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் படி 8-இல் திண்டாடுவார்கள்.

படி 5: பென்சில் முனை

இந்தத் துறையின் மிக மலிவான, மிக நம்பகமான கருவி 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில். 2எச் முனையை 3 மி.மீ. வெளியே தள்ளி, சாய்வாகத் தகட்டில் வைத்து அழுத்தி முறிக்க வேண்டும். சாய்வு ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க பென்சில் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள். சூ–நீல்சன் மூலம் என்று இதற்குப் பெயர், ஏ.எஸ்.டி.எம். ஈ976-இல் இருக்கிறது.

இதில் மூன்று வேலை முடிக்கலாம். ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் ஒரே தூரத்தில் சில முறை முறித்து, சென்சார்களுக்கிடையே 3 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கழற்றி மறுபடி ஒட்டுங்கள். துண்டின் நீளத்தில் 20 மி.மீ.க்கு ஒரு முறை முறித்து அலையின் வேகத்தையும், தூரத்துக்கு எவ்வளவு வலுவிழக்கிறது என்பதையும் குறியுங்கள். அப்புறம், அந்த அலைவடிவங்களின் நிறமாலையைத் தனியே எடுத்து வையுங்கள். சென்சாரும் துண்டின் வடிவமும் சேர்ந்து எந்த அதிர்வெண்களை ஊதிப் பெரிதாக்குகின்றன என்று அது காட்டிக்கொடுக்கும். சோதனையில் பிறகு அதே இடங்களில் உச்சம் வந்தால் அதைச் சேதத்தின் கையெழுத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகத்தைப் புத்தகக் கணக்கில் எடுக்காமல் அளந்தே எடுங்கள். மீள் குணகம் 22 கிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 1850 கிலோகிராம் என்றால் நீட்சி அலை (தகட்டின் தளத்திலேயே நீட்டிச் சுருக்கிப் போகும் வேகமான அலை) நொடிக்கு ஏறக்குறைய 3400 மீட்டர் என்று கணக்கு வரும். கார்பன் துணியில் இழைத் திசையில் அது 6000-ஐத் தொடும். ஆனால் 45 பாகையில் வேகம் குறையும். எவ்வளவு என்பது உங்கள் தகட்டைப் பொறுத்தது.

படி 6: இரைச்சலை ஒழித்தல்

ஹைட்ராலிக் இயந்திரத்தின் வால்வும் பம்பும் ஓயாமல் சீறும். முடிந்தால் திருகு வகை இழுவிசை இயந்திரத்தை (யு.டி.எம்.) பிடியுங்கள். பிடியின் பற்கள் துண்டில் பதியும் சத்தம் எந்த இயந்திரத்திலும் வரும். அதற்குச் சிறந்த மருந்து காவல் சென்சார்கள். இரண்டு பிடிகளுக்கு நடுவே நாம் சோதிக்கும் அளவுப் பகுதியில் இரண்டு, அதற்கு வெளியே பிடிக்கு அருகில் ஒவ்வொன்று. ஒரு நிகழ்வு முதலில் காவல் சென்சாரைத் தட்டினால் அது பிடியிலிருந்து வந்தது, தள்ளிவிடலாம்.

அதே அளவுள்ள அலுமினியத் துண்டு ஒன்றை மாட்டி, அது நிரந்தரமாக நீளாத சுமைக்குள் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதில் வரும் ஹிட்டுகள் எல்லாம் உங்கள் இயந்திரத்துடையவை.

படி 7: இழுப்பது

நிமிடத்துக்கு 2 மி.மீ. என்பது முறைப்படியான வேகம். ஏ.இ.க்கு 1 அல்லது 0.5 மி.மீ.க்குக் குறைத்தால் ஹிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. சுமையையும் திரிபையும் ஏ.இ. கருவியில் வெளி அளவுகளைச் சேர்த்துப் பதிய உள்ள பாராமெட்ரிக் உள்ளீட்டில் கொடுத்துவிடுங்கள். இரண்டு கணினியின் கடிகாரங்களைப் பின்னால் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் தலைவலிதான்.

முதல் துண்டை நேராக முறிவு வரை இழுங்கள். திரட்டிய ஆற்றல் திரிபோடு எப்படி ஏறுகிறது என்று ஒரு கோடு கிடைக்கும். அதில் சாய்வு மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த துண்டுகளை அந்த இடங்களுக்குச் சற்று முன்பும் பின்பும் நிறுத்தப் போகிறோம், 0.3, 0.5, 0.8, 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் சுமையை இறக்காமல், பின்னால் ஒரு எல்.இ.டி. பலகையை வைத்து அளவுப் பகுதியைப் படம் எடுங்கள். கண்ணாடி–எப்பாக்ஸியில் ஊடை நூல்களுக்குள் விழுந்த விரிசல்கள் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும். நூல் தாண்டும் இடத்துப் பிரிவுகள் சின்னச் சின்னக் கறைச் சதுரங்களாகத் தெரியும். 0.3 சதவீதப் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் கோடுகள் 0.8-இல் நெசவின் கட்டத்தையே வரைந்து காட்டும் அளவுக்கு அடர்ந்துவிடும். சுமையை இறக்கிவிட்டால் விரிசல்கள் மூடிக்கொண்டு பாதி மறைந்துவிடும், அதனால்தான் பிடித்தபடியே படம்.

இன்னொரு துண்டில் ஏற்றி இறக்கி, மறுபடி முன்பைவிட உயரமாக ஏற்றும் சுழற்சி செய்யுங்கள். ஜோசப் கைசர் 1950-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வேட்டில் காட்டியது இது: ஒரு முறை சுமந்த சுமையைத் தாண்டும் வரை பொருள் மறுபடி சத்தம் போடுவதில்லை. காம்போசிட்டில் சேதம் ஏற ஏற இந்த விதி தளர்கிறது. முந்தைய உச்சத்தை எட்டும் முன்பே ஏ.இ. தொடங்கிவிடும். தொடங்கிய சுமையை முந்தைய உச்சச் சுமையால் வகுத்தால் கிடைப்பது ஃபெலிசிட்டி விகிதம். 1-ஐ ஒட்டியிருந்தால் கவலையில்லை. இறங்க இறங்கச் சேதம் முற்றுகிறது. கண்ணாடி இழைத் தொட்டிகளைச் சோதிப்பவர்கள் 0.95-ஐ எல்லையாக வைப்பதுண்டு.

நெசவுத் தகட்டில் இங்கே ஒரு எச்சரிக்கை. பிரிந்த பரப்புகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் சுமை இறங்கும்போதும் ஏறும்போதும் வரும். ஒரே ஒரு ஹிட்டைப் பார்த்து "தொடங்கிவிட்டது" என்று குறிக்காமல், உங்களுக்கென ஒரு விதி வையுங்கள், உதாரணமாக ஒரு குறிப்பிட்ட சுமை இடைவெளிக்குள் ஐந்து ஹிட் என்று. எந்த விதி என்பதைவிட எல்லாத் துண்டுக்கும் அதே விதி என்பதுதான் முக்கியம்.

படி 8: எங்கே உடைந்தது?

இரண்டு சென்சார்கள் 100 மி.மீ. இடைவெளியில். வேகம் நொடிக்கு 3400 மீட்டர், அதாவது மைக்ரோநொடிக்கு 3.4 மி.மீ. நடுவிலிருந்து தூரம் = வேகம் × நேர வித்தியாசம் ÷ 2. வித்தியாசம் 11.8 மைக்ரோநொடி என்றால், முதலில் கேட்ட சென்சாரின் பக்கமாக நடுவிலிருந்து 20 மி.மீ. கேட்பதற்கு எளிது.

சிக்கல் இதுதான்: மெல்லிய தகட்டில் ஓடுவது ஒரே அலை இல்லை. வேகமான, பெரும்பாலும் பலவீனமான நீட்சி அலை முன்னால் போகிறது. மெதுவான, வீச்சு அதிகமுள்ள வளைவு அலை பின்னால் வருகிறது. மேலே சொன்ன அதே விரிசலை எடுங்கள். பக்கத்துச் சென்சாருக்கு 30 மி.மீ., தொலைவுச் சென்சாருக்கு 70. பக்கத்தில் நீட்சி அலை 8.8 மைக்ரோநொடியில் த்ரெஷோல்டைத் தாண்டிவிட்டது. 70 மி.மீ. போவதற்குள் அது தளர்ந்து த்ரெஷோல்டைத் தொடவில்லை. 1400 மீட்டர் வேக வளைவு அலை 50 மைக்ரோநொடியில் வந்து தட்டியது. வித்தியாசம் 41.2. கணக்குப் போட்டால் நடுவிலிருந்து 70 மி.மீ., அதாவது சென்சாருக்கே வெளியே! விரிசல் பிடிக்குள் விழுந்ததாகக் கருவி சொல்லும்.

இதிலேயே ஒரு இலவச வடிகட்டியும் இருக்கிறது. 100 மி.மீ.யைக் கடக்க நீட்சி அலைக்கு 29.4 மைக்ரோநொடி. அதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும் எந்த நிகழ்வும் அலை மாறிய நிகழ்வு, அல்லது இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளின் ஒட்டு. அவற்றை ஒதுக்கி வைத்து, சேமித்த அலைவடிவத்தில் உண்மையான தொடக்கத்தைத் தேடுங்கள். அகைகே அளவுகோல் என்ற புள்ளியியல் கணக்கை வைத்துத் தொடக்கப் புள்ளியைப் பிடிக்கும் ஏ.ஐ.சி. முறை சில வரி பைத்தானில் அடங்கிவிடும். த்ரெஷோல்டைவிட எவ்வளவோ மேல்.

சேதம் கூடக் கூட மீள் குணகம் குறைகிறது, அதோடு வேகமும். குணகம் 20 சதவீதம் குறைந்தால் வேகம் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கடைசிக் கட்டத்து இடக் கணக்குகளில் இதை நினைவில் வையுங்கள்.

படி 9: எது உடைந்தது?

எல்லோரும் ஓடி வருவது இந்தப் படிக்குத்தான். 1995-இல் டி குரூட், வெய்னன், யான்சன் மூவரும் கார்பன்–எப்பாக்ஸிக்கு வெளியிட்ட அதிர்வெண் பட்டைகள் மிகவும் பிரபலம்: ரெசின் விரிசல் 90–180 கிலோஹெர்ட்ஸ், இழை உருவி வருதல் 180–240, இழை–ரெசின் ஒட்டு விடுதல் 240–310, இழை முறிவு 300-க்கு மேல். இதை அட்டவணையாக எடுத்து அப்படியே தன் தரவின்மேல் போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அவர்களுடைய சென்சார் வேறு, தடிமன் வேறு, பொருளும் வேறு. போக்கு மட்டும் நியாயமானது: இழை விறைப்பானது, ஒரு நுண்ணிழை மிக வேகமாக முறிகிறது, எனவே உயர் அதிர்வெண், ரெசினில் விரிசல் மெதுவாகத் திறக்கிறது, எனவே தாழ்வு. எல்லைக் கோடுகளை உங்கள் தகட்டில் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வழி, ஒரே ஒரு வகைச் சேதம் மட்டும் வரும்படி தனித்தனிச் சோதனைகள் வைப்பது. அதே ரெசினில், அதே தடிமனில் வெறும் ரெசின் துண்டு. துணியிலிருந்து உருவிய ஒற்றை நூல். இழைகள் முழுக்கக் குறுக்கே கிடக்கும் ஒரு திசைத் தகடு. அடுக்குப் பிரிவுக்கு டி5528 முறையின் இரட்டைக் கைத் துண்டு (ஒரு முனையில் இரண்டாகப் பிரித்து இழுக்கும் துண்டு). ஒவ்வொன்றிலும் கிடைக்கும் அலைவடிவங்கள் உங்கள் சொந்த அகராதி. குறை இதிலும் உண்டு, வடிவம் மாறினால் அலையும் மாறும். ஆனால் கடன் வாங்கிய அட்டவணையைவிட இது நூறு மடங்கு நேர்மை.

பிறகு கொத்தாக்கம். ஹிட்டுக்கு ஹிட் அளவுகளை எடுத்து, கே-மீன்ஸ் போன்ற முறையில் குழுக்களாகப் பிரிப்பது. எண்ணிக்கை (ஒரு ஹிட்டில் அலை த்ரெஷோல்டைத் தாண்டிய தடவைகள்), நீடிப்பு, ஆற்றல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியே நகரும். மூன்றையும் போட்டால் ஒரே விஷயத்துக்கு மூன்று ஓட்டு. ஒன்றை மட்டும் வைத்து, உச்ச அதிர்வெண், நிறமாலையின் மையம், சில பட்டைகளில் உள்ள ஆற்றல் பங்கு ஆகியவற்றைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கோலுக்குக் கொண்டுவந்த பிறகே ஓட்டுங்கள். எத்தனை குழு என்பதை, குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்று அளக்கும் டேவிஸ்–போல்டின் குறியீடு, சில்லவெட் மதிப்பு இரண்டையும் பார்த்துத் தீர்மானிக்கலாம். மூன்று வகைச் சேதம் இருக்கிறது என்று முன்பே நம்பி மூன்று குழு கேட்டால், கணினி மறுக்காமல் மூன்று குழு தரும். சீரான புள்ளிக் கூட்டத்தைக் கொடுத்தாலும் தரும்.

குழுக்கள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெயர் வைப்பது இல்லை. ஒவ்வொரு ஹிட்டையும் சென்சாரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதன்படி நிறம் தீட்டிப் பாருங்கள். ஒரு குழு முழுக்கத் தூரத்தில் இருந்தும் இன்னொன்று முழுக்கப் பக்கத்தில் இருந்தும் வந்திருந்தால், நீங்கள் பிரித்தது சேத வகையை இல்லை, தூரத்தை. உயர் அதிர்வெண் போகும் வழியில் சீக்கிரம் மங்கிவிடும், வீச்சும் குறைந்துவிடும். அதனால் தொலைவில் நடந்த இழை முறிவு பக்கத்தில் நடந்த ரெசின் விரிசல் மாதிரி வேஷம் போடும். அளவுப் பகுதியின் நடுவில் 30 மி.மீ.க்குள் விழுந்த நிகழ்வுகளை மட்டும் எடுத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது எளிய பரிசோதனை. குழுக்கள் அப்படியே நின்றால் தைரியமாக மேலே போகலாம்.

அலையின் வகையும் ஒரு துப்பு. தகட்டின் தளத்துக்குள்ளேயே திறக்கும் விரிசல் நீட்சி அலையை வலுவாகத் தூண்டும். தளத்துக்கு வெளியே அசையும் அடுக்குப் பிரிவு வளைவு அலையை வலுவாகத் தூண்டும். அலைவடிவத்தின் தொடக்கத்தில் வேகமான சிறு அலை தெளிவாக நிற்கிறதா, இல்லை பின்னால் வரும் பெரிய மெதுவான அலைதான் எல்லாமா என்று கண்ணாலேயே ஐம்பது அலைவடிவங்களைப் பார்த்தால் கை பழகிவிடும்.

படி 10: பெயர் சூட்டும் முன் சான்று

இப்போது படி 7-இல் நிறுத்தி நிறுத்தி எடுத்த படங்களுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரிசல் கோடுகளை எண்ணுங்கள். ஒரு குழுவின் திரட்டிய ஹிட் எண்ணிக்கை அந்த விரிசல் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி, விரிசல் தேங்கும்போது தானும் தேங்கினால், அந்தக் குழுவுக்கு "ஊடை நூல் விரிசல்" என்று பெயர் சூட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு குழு கறைச் சதுரங்கள் பரவும் கட்டத்தில் தலைதூக்கினால் அது நூல் தாண்டும் இடத்துப் பிரிவு. கடைசிச் சில விழுக்காட்டுச் சுமையில் மட்டும் பொங்குவது இழை முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கார்பனில் ஒளி ஊடுருவாது. அங்கே மெருகேற்றிய ஓரத்தை நுண்நோக்கியில் பாருங்கள். ஆனால் ஓரத்தில் தெரிவது உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துண்டின் உள்ளேயே முப்பரிமாணத்தில் எக்ஸ்-ரே படம் எடுக்கும் மைக்ரோ-சி.டி. இருந்தால் நல்லது. சுமை இறக்கிய துண்டில் விரிசல்கள் மூடிக்கொண்டிருக்கும் என்பதால், துத்தநாக அயோடைடு கரைசலை ஊற வைத்து எக்ஸ்-ரே எடுத்தால் பளிச்சென்று தெரியும்.

மேற்கொண்டு ஒரு கணக்கு பயன்படும். தேக்கிய திரிபு ஆற்றலை, அதுவரை திரண்ட ஏ.இ. ஆற்றலால் வகுத்து மடக்கை எடுத்தால் கிடைப்பது சென்ட்ரி சார்பு. பொருள் ஆற்றலைத் தேக்கிக்கொண்டே போகும்வரை கோடு ஏறும். பெரிய சேதம் வந்தால் படாரென்று விழும். ஏறாமலே இறங்க ஆரம்பித்தால் தாங்கும் திறன் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கொத்தாக்கத்தில் உள்ள தன்விருப்பம் இதில் இல்லை என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனி மரியாதை.

அறிக்கையும், பெரிய தகடுகளும்

அறிக்கையில் சென்சார் மாதிரி, ப்ரீஆம்ப் பெருக்கம், த்ரெஷோல்ட், மூன்று நேர அமைப்புகள், அதிர்வெண் வடிகட்டி எல்லைகள், பென்சில் முறிவு அளவுகள், சென்சார் இடங்கள், ஒட்டுப் பொருள் எல்லாம் இருக்க வேண்டும். துணியின் நெசவு வகை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், அடுக்கு எண்ணிக்கை, இழையின் கன அளவு விகிதம் ஆகியவையும். இவற்றில் ஒன்று விட்டாலும் இன்னொருவர் உங்கள் எண்களைத் தன் எண்களோடு வைத்துப் பார்க்க முடியாது.

துண்டிலிருந்து பெரிய தகட்டுக்கோ அழுத்தக் கலனுக்கோ போகும்போது சேத வகைக் குழுக்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அரை மீட்டர் தாண்டியதும் உயர் அதிர்வெண் கிட்டத்தட்ட மிஞ்சாது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: முந்தைய சுமைக்குக் கீழேயே சத்தம் வருகிறதா, சுமையைப் பிடித்து நிறுத்திய பிறகும் ஓயாமல் வருகிறதா, எந்தப் பகுதியில் குவிகிறது. விலா, துளை, தடிமன் மாற்றம் எல்லாம் உள்ள தகட்டில் ஒரே வேகத்தை வைத்து இடம் கணக்கிடுவதைவிட, தகட்டின்மேல் கட்டம் வரைந்து ஒவ்வொரு புள்ளியிலும் பென்சில் முறித்து நேர வித்தியாச வரைபடம் தயாரித்துக்கொள்ளுங்கள். டெல்டா-டி முறை என்பது இதுதான். 50 மி.மீ. கட்டத்தில், ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு நானூறுக்கு மேற்பட்ட புள்ளிகள் வரும். ஒவ்வொன்றிலும் சில முறை முறிக்க வேண்டியிருக்கும். பென்சில் முனை டப்பா ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.